மீதி அறுபது கீ

பிளஸ்ஸி அக்காவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. அவரைப் பற்றி நான் முதன்முதலில் எழுதியது ஒரு பதினேழு பக்க அறிக்கையில். அதில் அவர் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறார். அதுவும் ‘குறைகள்’ என்ற தலைப்பின் கீழ். இதை அந்த அறிக்கைக்கான திருத்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

2007-ஆம் வருஷம். நான் இயற்பியலில் பட்டம் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அப்பா குரோம்பேட்டையில் லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தார். கறுப்பு அங்கி போட்ட என் பட்டமளிப்பு போட்டோவை டி.வி.க்கு மேலே மாட்டியிருந்தார். வேலை கிடைக்காததால் நான் பெரும்பாலும் அந்த போட்டோவுக்கு எதிரேதான் உட்கார்ந்திருப்பேன். அதில் இருந்தவன் என்னைவிட ரொம்ப நம்பிக்கையாகத் தெரிந்தான்.

கிழக்குத் தாம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு தெருவில் எங்கள் சர்ச் இருந்தது. மின்சார ரயில் போகும்போது ஐயர் என்று நாங்கள் கூப்பிடும் போதகர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, போன பிறகு விட்ட வார்த்தையிலிருந்து தொடருவார். அந்தச் சபைக்கு மஸ்கட்டில் இருக்கும் ஒரு குடும்பம் புது டிஜிட்டல் பியானோ வாங்கித் தருவதாகச் சொன்னது. கடைக்காரர், “ரெண்டு வாரம் வெச்சுப் பாருங்க, புடிக்கலன்னா திருப்பி எடுத்துக்கறோம்” என்றார். உடனே ஒரு கமிட்டி போட்டார்கள். எங்கள் சபையில் கமிட்டி இல்லாமல் மின்விசிறிகூடச் சுற்றாது.

சபைச் செயலாளர் லாசரஸ் சார் டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“சாலமோன், நீ டிகிரி ஹோல்டர். அதுவும் பிசிக்ஸ். சவுண்டெல்லாம் பிசிக்ஸ்லதானே வருது? நீயே பாத்து ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுத்துடு. டிசைன் எப்படி, டச் எப்படி, சவுண்டு எப்படி, எல்லாம் டீடெய்லா.”

ஒலி இயற்பியலில் வருவது உண்மைதான். அந்தத் தாளில் நான் நாற்பத்தொரு மார்க் எடுத்ததும் உண்மைதான். முதல் உண்மைக்கு மட்டும் தலையாட்டினேன்.

ஒரு புதன்கிழமை மாலை பியானோ வந்தது. தெருவை அடைத்துக்கொண்டு தண்ணீர் லாரி நின்றதால், கடையில் டெலிவரி பார்க்கும் அக்தர் அண்ணன் தெருமுனையிலேயே வேனை நிறுத்திவிட்டார். அங்கிருந்து நாலு பேர் தூக்கினோம். பெட்டியைப் பிரித்ததும் அதன் வடிவமைப்பைப் பற்றிய முதல் கருத்தை அவர்தான் சொன்னார்.

“இன்னா சார் இது, கேஸ் அடுப்பாட்டம் கீது?”

உண்மையில் அப்படித்தான் இருந்தது. மங்கிய கறுப்பு, தட்டையான மேல்பக்கம், ஓரத்தில் ரெண்டு திருகு. எங்கள் பழைய அறுபத்தொரு கீ கீபோர்டில் வெள்ளி நிற ஸ்பீக்கர், சிவப்பு பச்சைப் பட்டன்கள், நூறு தாளம், ஒரு பட்டனைத் தட்டினால் தானே வாசிக்கும் டெமோ பாட்டு எல்லாம் உண்டு. இதில் பாட்டுப் புத்தகம் வைக்க ஒரு தாங்கிகூட இல்லை. வைத்த புத்தகம் வழுக்கிக்கொண்டு வந்து லாசரஸ் சாரின் காலில் விழுந்தது.

சுவிட்சைப் போட்டார்கள். ஒரு நீல விளக்கு எரிந்தது. லாசரஸ் சார் நாலு விரலால் அமுக்கினார். சத்தமே இல்லை.

“ஸ்பீக்கர் எங்கப்பா?”

“இதுல ஸ்பீக்கர் கெடையாது சார். இது ஸ்டேஜ் பியானோ. வெளிய ஆம்ப்ல சொருவணும்.”

“ரிதம்?”

“அதுவும் இல்ல சார்.”

“அப்போ என்னதான்யா இருக்கு இதுல?”

“எண்பத்தெட்டு கீ கீதே சார்” என்றார் அக்தர் அண்ணன், கொஞ்சம் மனம் நொந்து.

சர்ச் ஆம்ப்ளிஃபயரில் ஒயரைச் சொருகிக்கொண்டிருந்தபோது பிளஸ்ஸி அக்கா வந்தார். மேடவாக்கத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் யு.கே.ஜி. டீச்சர். பஸ்ஸில் நின்றபடியே வந்திருப்பார். புடவையில் சாக்பீஸ் தூள், தோளில் டிபன் பை. இருபத்தேழு வயது. பதினாறு வயதில் இருந்து எங்கள் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பின்னறை அலமாரியில் கிடந்த, இசைக்குறிப்பு போட்ட பழைய புத்தகத்தை வைத்துத் தானாகக் கற்றுக்கொண்டார். எல்லாப் பாட்டையும் ஸி ஸ்கேலில்தான் வாசிப்பார். சுருதி ஏற வேண்டுமா, இறங்க வேண்டுமா என்பதை டிரான்ஸ்போஸ் பட்டன் பார்த்துக்கொள்ளும்.

“வாம்மா, வாசிச்சுப் பாத்து சொல்லு” என்றார் லாசரஸ் சார்.

அக்கா உட்காரவில்லை. பையைக்கூடக் கழற்றவில்லை. நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கீயை அமுக்கினார். அது ஒலித்து, மெலிந்து, அடங்கும் வரை நின்றார். மறுபடியும் அதே கீ, மெதுவாக. மறுபடியும் அதே, அழுத்தி.

“போதும் சார். நல்லா இருக்கு.”

“ஒரு கீ தானேம்மா அமுக்கினே?”

“ம். நல்லா இருக்கு சார்.”

அவ்வளவுதான், டிபன் பையோடு வீட்டுக்குப் போய்விட்டார். நான் என் நோட்டில் எழுதிக்கொண்டேன்: ‘வாசிப்பாளரின் பரிசோதனை போதுமானதாக இல்லை. எண்பத்தெட்டில் ஒரு கீ மட்டுமே.’

என் பரிசோதனை அப்படியா இருக்கும்? காந்தி ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரர்கள் பியானோவைப் பற்றி எழுதியதையெல்லாம் பிரிண்ட் எடுத்தேன். நல்ல பியானோவில் இடது பக்கக் கீகள் கனமாகவும் வலது பக்கம் போகப் போக லேசாகவும் இருக்கும் என்று அதில் படித்தேன். கனத்தை அளக்க ஒரு வழியும் போட்டிருந்தார்கள்: கீயின் நுனியில் எடையை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனால், எந்த எடையில் அது இறங்குகிறதோ அதுதான் கணக்கு. என்னிடம் எடைக்கல் இல்லை. ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று ஒன்பது கிராம் என்பது மட்டும் தெரியும். அப்பாவிடம் கெஞ்சிப் பத்து நாணயம் வாங்கினேன்.

“பொட்டி நல்லா கீதா இல்லியான்னு சொல்றதுக்கு இன்னாத்துக்குடா சில்லறை?” என்றார் அப்பா. அதற்கும் என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது. அதை முழுசாகக் கேட்காமலே பட்டறைக்குக் கிளம்பிவிட்டார்.

ரெண்டு நாள் நாணயங்களை அடுக்கி அளந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கம் வந்த பிளஸ்ஸி அக்கா, பியானோ முழுக்கக் காசு பரப்பியிருப்பதைப் பார்த்து நின்றார்.

“என்னடா, பியானோவுக்குக் காணிக்கையா?”

“டச் வெயிட் பாக்கறேன்க்கா. இடது கைப்பக்கம் ஏழு காசு, வலது பக்கம் அஞ்சரை.”

“அரைக் காசு எப்படிடா வெச்ச?”

“ஆவரேஜ்க்கா.”

“வாசிச்சுப் பாத்தியா?”

எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதை அறிக்கையில் எங்கும் குறிப்பிட வேண்டிய அவசியம் வராமல் பார்த்துக்கொண்டிருந்தேன். “அது அடுத்த கட்டம்க்கா” என்றேன்.

முதல் ஞாயிறு வந்தது. தொடக்கப் பாட்டின் முதல் வரி நன்றாகவே போனது. பியானோவின் சத்தம் சர்ச்சையே கொஞ்சம் பெரிதாக்கிவிட்டதுபோல் இருந்தது. இரண்டாவது வரியின் நடுவில் எல்லோரும் ஒரு பக்கம் போக, பியானோ இன்னொரு பக்கம் போனது. ஒரே ஒரு சுரம்தான். ஆனால் நூற்றைம்பது பேர் தடுமாறி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது வரியிலும் அதே இடறல். அடுத்த பாட்டிலும். காணிக்கைப் பாட்டுக்கு வரும்போது பாதிப் பேர் வாயை மட்டும் அசைத்தார்கள். பிளஸ்ஸி அக்கா நிமிர்ந்து பார்க்காமல் வாசித்துக்கொண்டே இருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

வெளியே செருப்பு மாட்டும் இடத்தில் தீர்ப்பு தயாராகிவிட்டது. “பியானோவுல ஏதோ எக்ஸ்ட்ரா சவுண்டு வருது” என்றார்கள் சிலர். “பியானோ நல்லாத்தான் இருக்கு, அந்தப் பொண்ணுக்குக் கை வரல” என்றார்கள் மற்றவர்கள். லாசரஸ் சார் என் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

“பெருங்களத்தூர்ல மெர்வின்னு ஒரு தம்பி. பியானோவுல கிரேடு எட்டு முடிச்சிருக்கான். வரச் சொன்னா வருவான். பிளஸ்ஸியை நாமளா நிறுத்தினதா இருக்கக் கூடாது, பாரு. ரிப்போர்ட்டுல டெக்னிக்கலா இருந்தா யாருக்கும் மனசு சங்கடம் இல்லை.”

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் கீபோர்டு முன்னால் இருக்கும் அந்த ஸ்டூலை எடுத்துவிட்டால் அக்காவுக்கு என்ன மிச்சம் என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. வாரத்தில் ஆறு நாள் அவர் மற்றவர் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிட்டு, நின்றபடி பஸ்ஸில் வருபவர். பெண் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவருடைய அம்மா சொல்ல வைத்திருந்தது ஒரே விஷயம்: “சர்ச்சுல கீபோர்டு வாசிக்கிறது இவதான்.” பதினொரு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட அவர் தவறவிட்டதில்லை.

இவ்வளவும் தெரிந்த நான், புதன்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பதினான்காவது பக்கத்தில் இப்படி எழுதினேன்: ‘வாசிப்பவரின் கை இக்கருவியின் கனத்துக்குப் பழகவில்லை. இதனால் பாடல்களின் இடையே தேவையற்ற ஒரு சுரம் விழுகிறது. முறையாகப் பயின்ற ஒருவரை நியமிப்பது பரிசீலிக்கத்தக்கது.’ ‘பரிசீலிக்கத்தக்கது’ என்ற வார்த்தையை எழுதியதும் பேனாவைக் கீழே வைத்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். அந்த போட்டோவில் இருந்தவன் எழுதியதுபோலவே இருந்தது.

லாசரஸ் சார் படித்துவிட்டு, “படிச்ச புள்ளை எழுத்து தனிதான்யா” என்று கமிட்டியில் எல்லோருக்கும் ஜெராக்ஸ் எடுத்தார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூட்டம். அக்தர் அண்ணனையும் வேனோடு வரச் சொல்லிவிட்டார்கள். மெர்வின் வர முடியாது என்றால் பியானோ திரும்பிப் போகும். வருவான் என்றால் அக்கா போவார்.

அறிக்கை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் எனக்கு ஒரு பின்னிணைப்பு வேண்டியிருந்தது. நான் எடுத்த பிரிண்டுகளில் எல்லாம் ‘பழைய கருவியோடு ஒப்பீடு’ என்று ஒரு அட்டவணை இருந்தது, என்னுடையதில் இல்லை. அதனால் சனிக்கிழமை மத்தியானம் பின்னறைக்குப் போய், துணி போட்டு மூடி வைத்திருந்த பழைய கீபோர்டை மேஜையில் எடுத்து வைத்தேன். காசுகளை வைத்துப் பார்த்தேன். எல்லாக் கீயும் ரெண்டு காசிலேயே விழுந்தது. பிறகு சத்தத்துக்காக இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே போனேன். நடு ஸி. அடுத்து டி. அடுத்து ஈ. அடுத்து ஒன்றும் இல்லை.

என் விரல்தான் சரியில்லை என்று நினைத்தேன். மறுபடி அமுக்கினேன். கீ ஒழுங்காக இறங்கி, ஒழுங்காக ஏறியது. சத்தம் மட்டும் வரவில்லை. அடுத்த கீயில் வந்தது.

சனிக்கிழமைகளில் அக்கா அந்த நேரத்துக்குத்தான் பயிற்சிக்கு வருவார். வாசல் படியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன்.

“அக்கா, இதுல ஒரு கீ வேலை செய்யல.”

“எஃப்பு. தெரியும்.”

“எப்ப இருந்து?”

“தொண்ணூத்தெட்டு அறுப்பின் பண்டிகைல. ஏலத்துக்கு வந்த எளநீ, வாழைத்தார் எல்லாத்தையும் கீபோர்டு மேலயே வெச்சுட்டாங்க. ஒரு எளநீ ஒழுகிடுச்சு.” நகவெட்டியை மடக்கினார். “மூணு தடவை எழுதிக் குடுத்தேன். லாசரஸ் சார், ‘ஒரு கீ தானேம்மா, மீதி அறுபது இருக்குல்ல’ன்னார்.”

என் தலைக்குள் அப்போதுதான் சில விஷயங்கள் மெதுவாக நகர்ந்தன. அக்கா எல்லாப் பாட்டையும் ஒரே ஸ்கேலில் வாசிப்பவர். அப்படியென்றால் செத்துப்போன அந்தக் கீ எல்லாப் பாட்டிலும் ஒரே இடத்தில், நாலாவது சுரமான மத்திமத்தில்தான் விழும். ஸ்பீக்கரில் வருவதைக் கேட்டுப் பாடும் எங்கள் சபை, ஒன்பது வருஷமாக அந்த இடத்தைத் தாண்டித் தாண்டியே பாடியிருக்கிறது. புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் ரெண்டு வாரம் தனியாக ஒரு இடத்தில் ஏறிப் பாடுவார்கள். நாங்கள் திரும்பிப் பார்ப்போம். பிறகு அவர்களும் வெட்கப்பட்டு எங்களோடு வந்துவிடுவார்கள். அப்படித் திரும்பிப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். பதிமூன்று வயதில் இருந்து.

“அப்போ இவ்வளவு நாளும் நீங்க அந்தக் கீயை விட்டுட்டுத்தானே வாசிச்சீங்க? இப்ப மட்டும் எப்படி...”

“எதுக்கு விடணும்?” அக்கா என் பக்கத்தில் வந்து நின்று, பழைய கீபோர்டில் அந்த இரண்டாவது வரியை வாசித்துக் காட்டினார். நாலாவது விரல் அந்தக் கீயில் இறங்கியது, முழுசாக, மற்றவை இறங்கிய அதே அழுத்தத்தில். சத்தமில்லாமல் எழுந்து அடுத்ததற்குப் போனது. “எப்பவும் வாசிச்சுட்டுத்தான் இருக்கேன். உங்களுக்குக் கேக்கலன்னா நான் வாசிக்கலன்னு ஆயிடுமா?”

முந்தைய வருஷம் ஒரு மாப்பிள்ளை வீட்டார், கல்யாணத்துக்கு அப்புறம் தங்கள் சர்ச்சில் வாசிப்பாயா என்று கேட்டபோது, “உங்க கீபோர்டுல எல்லா கீயும் வேலை செய்யுமா?” என்று இவர் திருப்பிக் கேட்டதாகத் தெருவில் பேச்சு இருந்தது. பெண்ணுக்குத் திமிர் என்று முடிவு கட்டியிருந்தோம். பியானோ வந்த புதன்கிழமை அவர் அதில் மூன்று முறை அமுக்கிப் பார்த்த ஒரே கீ எது என்று இப்போது எனக்குக் கேட்கத் தேவைப்படவில்லை.

“அக்கா, நான் ரிப்போர்ட்ல...”

“படிச்சேன். ஜெராக்ஸ் என் வீட்டுக்கும் வந்துச்சு.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “எழுத்து நல்லாத்தான் இருந்துச்சு. ‘பரிசீலிக்கத்தக்கது’ மட்டும் எனக்கு ஒரே மூச்சுல படிக்க வரல.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும் போன வாரம் போலவே இடறி இடறித்தான் நடந்தது. கூட்டத்தில் லாசரஸ் சார் என்னை எழுப்பி, பதினான்காம் பக்கத்தை வாசிக்கச் சொன்னார். நான் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் தப்பு என்றேன். இளநீரில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். படித்த பிள்ளை தடுமாறுவதைக் கமிட்டி ஆர்வமாகப் பார்த்தது.

லாசரஸ் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்போ ஒன்பது வருஷமா சபை மொத்தமும் தப்பாப் பாடினோம், இந்தப் பொண்ணு மட்டும் கரெக்ட்டு. அதானே சொல்ற?”

“ஆமா சார். நானும் தப்பாத்தான் பாடினேன்.”

“நீ எப்பவும் தப்பாத்தான் பாடுவே. அது வேற.” எல்லோரும் சிரித்தார்கள். அவர் அக்காவின் பக்கம் திரும்பி, குரலைத் தணித்தார். “பிளஸ்ஸி, ஒண்ணு செய்யலாம்மா. பியானோவும் இருக்கட்டும், நீயும் இரு. அந்த ஒரு கீயை மட்டும் தொடாத. ஜனங்க பழகின மாதிரியே பாடிட்டுப் போகட்டும்.”

அக்கா எழுந்து நின்றார்.

“அந்தக் கீயை விட்டுட்டு வாசிக்க எனக்குத் தெரியாது சார். சத்தமே வராதப்பவே விடல. வேணும்னா அந்தத் தம்பியைக் கூப்பிட்டுக்கோங்க.”

ஒரு மின்சார ரயில் கடந்து போனது. வாசலில் அக்தர் அண்ணன் தலையை நீட்டினார்.

“சார், எடுக்கறதா வேணாமா? வண்டி ராங் சைடுல நிக்கிது. பின்னாடி தண்ணி லாரிக்காரன் ஆரன் அட்ச்சுகினே கீறான், பேஜாரா பூட்ச்சு.”

“இருய்யா” என்றார் லாசரஸ் சார். பிறகு அக்காவிடம், “அந்த வரியை ஒரு தடவை வாசி, பாக்கலாம். மெதுவா” என்றார்.

அக்கா வாசிக்க, அவர் நின்றபடியே பாடினார். அந்த இடம் வந்ததும் குரல் பழக்கத்தில் தாண்டியது, பியானோ தாண்டவில்லை. “இன்னொரு தடவை” என்றார். மறுபடியும் தாண்டியது. மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு பாடினார். இந்த முறை குரல் மேலே ஏறி அந்தச் சுரத்தில் போய் உட்கார்ந்தது. லாசரஸ் சார் கண்ணைத் திறந்தார்.

“நான் வாலிபர் சங்கத்துல இருந்தப்போ இப்படித்தான் பாடுவோம்” என்றார். “இப்படியேதான்.” பிறகு வாசல் பக்கம் பார்த்துச் சொன்னார்: “நீ வண்டியை எடுய்யா. பியானோ இங்கயே இருக்கட்டும். மெர்வினுக்கு வர வேணாம்னு நானே போன் பண்ணிக்கறேன்.”

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இவ்வளவு பெரிய விஷயத்தை ரிப்போர்ட்ல ஏம்ப்பா எழுதல? பதினேழு பக்கம் எழுதினியே!”

“கேஸ் அடுப்பு தங்கிடுச்சு” என்று சொல்லிக்கொண்டே அக்தர் அண்ணன் போனார். பிளஸ்ஸி அக்கா பியானோவின் சுவிட்சை அணைத்துவிட்டு, புத்தகம் வழுக்கி விழாமல் இருக்க அதன் மேல் தான் விரித்திருந்த பள்ளிக்கூட டஸ்டர் துணியை மடித்து, பாட்டுப் புத்தகத்தோடு பையில் வைத்துக்கொண்டார். இரண்டு வாரம் அந்தப் பியானோவை அளந்த நான், புத்தகம் வழுக்குவதற்கு அதைப்போல ஒரு தீர்வை எழுதவில்லை. வடிவமைப்புக்கு இருபதுக்குப் பதினொன்று போட்டதோடு நின்றுவிட்டேன்.

சபை அந்தச் சுரத்துக்குத் திரும்ப நாலு மாசம் ஆனது. கிறிஸ்துமஸுக்குள் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். நான் மட்டும் இன்னும் வரவில்லை. எவ்வளவு கவனமாக ஆரம்பித்தாலும் இரண்டாவது வரியின் நடுவில் என் குரல் பழையபடி தாண்டிவிடுகிறது. அப்போது பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பிளஸ்ஸி அக்கா மட்டும் திரும்புவதில்லை. அந்தக் கீயை மட்டும் கொஞ்சம் அழுத்தி வாசிப்பார்.